சம்பங்கியா, மழை லில்லியா, காந்தளா: வீட்டு நாற்றங்காலுக்கு எந்தக் கிழங்கு?

மதுரைக்குக் கிழக்கே எங்கள் வீட்டுக் கொல்லையில் 15 அடிக்கு 20 அடி இடம். மேலே பச்சை நிழல்வலை, கீழே வரிசையாகத் தொட்டிகள். ஏழு வருஷமாகக் கிழங்கில் வளரும் பூச்செடிகளைத்தான் வளர்க்கிறேன், கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "டூலிப் இருக்காக்கா?"

இல்லை, வாங்கவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். டூலிப் கிழங்குக்கு ஏறக்குறைய 3 மாதம் ஃபிரிட்ஜுக்குள் இருப்பது போன்ற குளிர் கிடைத்தால்தான் தண்டு நீண்டு பூ விரியும். ஸ்ரீநகரில் அந்தக் குளிர் தானாகவே கிடைக்கிறது. டெல்லிச் சாலையோரங்களில் பூப்பதற்கு ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் நெதர்லாந்திலிருந்து கிழங்கு வரவழைக்கிறார்கள். நானும் ஆசைப்பட்டு ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கி நட்டேன். இரண்டு இலை வந்தது, பொங்கலுக்குள் அழுகிப் போனது.

குளிர்நாட்டில் ஒரு செடி தாங்கும் என்றால் பனியைத் தாங்கும் என்று அர்த்தம். நமக்கு அது உதவாது. நம் ஊர்ச் செடி சித்திரை வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் தாங்க வேண்டும். என் அனுபவத்தில் வெயிலில் செத்த கிழங்கு குறைவு, ஈரத்தில் அழுகியதுதான் அதிகம். அதனால் எந்தக் கிழங்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அது எப்போது இலை காய்ந்து மண்ணுக்குள் உறங்கும், உறங்கும்போது தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான். பூவின் அழகு அதற்கு அப்புறம்தான்.

சாமிக்கும் மாலைக்கும் பூ வேண்டும், மணமும் வேண்டும் என்றால் சம்பங்கிக்கு நிகர் இல்லை. நல்ல வெயிலில் வைத்தால் நட்ட மூன்று, மூன்றரை மாதத்தில் முதல் கதிர் எழும்பும். கதிரில் கீழ்ப்பூ முதலில் விரிந்து, இரண்டிரண்டாக மேலே ஏறும். இருட்டிய பிறகுதான் மணம் முழுதாக வெளியே வரும். கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் அடுப்படி வரைக்கும் நிற்கும். ஒற்றை ரகமா அடுக்கு ரகமா என்று கேட்பார்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், ஷ்ருங்கார் இரண்டும் ஒற்றை ரகங்கள், சுவாசினி அடுக்கு ரகம். அடுக்கு ஜாடியில் பார்க்க அழகு. ஆனால் மணத்தில் ஒற்றைதான் ஒரு படி மேல். எங்கள் வெயிலில் அடுக்கு மொட்டு சில சமயம் பாதி விரிந்தபடியே கருகியும் விடுகிறது. வீட்டுக்கு நான் பிரஜ்வல்தான் தருகிறேன். அதன் மொட்டு நுனியில் லேசான ரோஸ் பூச்சு இருக்கும், விரிந்தால் வெள்ளை.

"முதல் வருஷம் நல்லா பூத்துச்சு, இப்ப வெறும் இலைதான்க்கா வருது" என்று சம்பங்கி வாங்கியவர்கள் திரும்ப வருவார்கள். அது செடியின் குற்றமில்லை. ஒரு சம்பங்கிக் கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பிறகு அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்த கதிரைத் தர வேண்டும். தொட்டிக்குள் அவை நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தால் எதுவுமே பருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தோண்டி, பிரித்து, சில வாரம் நிழலில் உலர்த்தி, கட்டைவிரல் பருமன் உள்ளதைத் தனியாக நட வேண்டும். சின்னதை ஒரு வருஷம் நாற்றங்காலில் வளர்த்த பிறகுதான் பூ எதிர்பார்க்கலாம்.

இன்னொரு தொல்லை நூற்புழு, மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. மூன்றாம் வருஷம் வெளியிலிருந்து வாங்கிய கிழங்கோடு அது என் தொட்டிகளுக்குள் வந்துவிட்டது. இலை மஞ்சளித்து, கதிர் குட்டையாகி, உரம் போட்டும் தேறவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கக் கேழ்வரகைக் கோத்தது போல முடிச்சு. அன்றைக்கு 14 தொட்டி மண்ணை வெளியே கொட்டினேன். இப்போது நடும்போதே வேப்பம்புண்ணாக்கு கலக்கிறேன், வரிசைக்கு நடுவில் துலுக்கச் சாமந்தி வைக்கிறேன். ஏற்கெனவே நூற்புழு கண்ட மண் என்றால் அதைத் தாங்கக்கூடிய ஷ்ருங்கார்தான் பாதுகாப்பு.

மழை லில்லி இதற்கு நேர் எதிர். மணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கட்ட முடியாது, ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். கணக்குப் பார்த்தால் சம்பங்கியிடம் தோற்க வேண்டும். ஆனால் கோடையில் முதல் இடிமழை பெய்து மூன்று நான்கு நாள் கழித்து, நேற்று வரை புல் மாதிரி கிடந்த தொட்டி முழுக்க ஒரே காலையில் ரோஸ் நிறமாக நிற்பதைப் பார்த்தவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு வாரம் காயப்போட்டு, பிறகு தொட்டி வழிய வழியத் தண்ணீர் விட்டாலும் பூக்கும். ஆனால் மழைக்கு வந்த அளவு குழாய்த் தண்ணீருக்கு எனக்கு வந்ததில்லை.

நாற்றங்கால் நடத்துபவருக்கு இது தங்கமான செடி. 6 அங்குலத் தொட்டி போதும், சம்பங்கி அழுகுகிற ஈரத்திலும் பிழைக்கும், மறந்து போய்க் காயவிட்டாலும் திரும்பத் தளிர்க்கும். வெள்ளை ரகம் வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். ரோஸ் ரகம் காய்ந்தால் உறங்கிவிடும். மஞ்சள் ரகத்தில் காய் பிடித்து வெடிக்கும். கறுப்புக் காகிதத் துணுக்கு போன்ற அந்த விதையைப் புதிதாகவே தூவினால் நன்றாக முளைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: தோண்டிப் போட்ட கிழங்கு அச்சு அசல் சின்ன வெங்காயம். அது நஞ்சு. நான் ஒருநாளும் சமையலறைப் பக்கம் காயவைப்பதில்லை.

நஞ்சு என்று பார்த்தால் காந்தள்தான் எல்லாவற்றுக்கும் மேல். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று எத்தனையோ பெயர். தமிழ்நாட்டின் மாநில மலர். விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் மருந்துக்குப் போகிறது, அதனாலேயே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் வயலிலேயே பயிர் செய்கிறார்கள். அதே கோல்ச்சிசின் வயிற்றுக்குள் போனால் உயிரை எடுக்கும். நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள வீடு என்றால் நான் காந்தள் கொடுப்பதில்லை. எவ்வளவு கேட்டாலும் சரி.

மற்றபடி என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். கிழங்கு இரண்டு விரலை விரித்துக் கவிழ்த்த மாதிரி இருக்கும். முளை இரண்டு நுனியில் மட்டும்தான். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது, எவ்வளவு பருமனாக இருந்தாலும் வீண். அதனால் தோண்டும்போது மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை நகர்த்துகிறேன். வேலியோரம் நட்டால் இலை நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறும். பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், போகப் போக அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் சேர்ந்து நிற்கும். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு ஏன் இதைச் சொன்னார்கள் என்று அப்போது புரியும்.

ஆனால் சம்பங்கி போலப் பெருகாது. ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு கரைந்து புதுக் கிழங்கு உருவாகும். ஒன்று இரண்டானால் அது நல்ல வருஷம். விதையில் போட்டால் பூவைப் பார்க்கச் சில வருஷம் ஆகும். விற்பனைக்கு என்று மட்டும் நினைத்தால் இது ஒத்துவராது.

கல்வாழையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் இருக்கிறதா, வேறு எதையும் யோசிக்காமல் அதை நடுங்கள். கிழங்கை ஒரு கண் இருக்கும்படி வெட்டிப் போட்டாலே வரும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிட்டால் புதுக் குருத்து வந்துகொண்டே இருக்கும். இலை சுருட்டும் புழு வந்தால் கையால் பிரித்து நசுக்குகிறேன். மாடித் தொட்டிக்கு மட்டும் வேண்டாம், கோடையில் தண்ணீர் ஊற்றி மாளாது.

முதல்முறை வளர்ப்பவருக்கு மழை லில்லிதான் கொடுப்பேன். வெயிலும் பொறுமையும் உள்ளவருக்குச் சம்பங்கி. கல்வாழையைத் தரைக்கு மட்டும் தருவேன். காந்தளை, உறங்கும்போது தொந்தரவு செய்ய மாட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்த பிறகு.

ஏனென்றால் தை மாதம் கொடி காய்ந்ததும் தொட்டி வெறும் மண்ணாகத் தெரியும். வீட்டில் யாராவது இரக்கப்பட்டுத் தினம் ஒரு செம்பு ஊற்றுவார்கள், மாசிக்குள் கிழங்கு கூழாகிவிடும். எங்கள் வீட்டில் என் மாமியார் அப்படித்தான் இரண்டு தொட்டியைக் கருணையால் கொன்றார். அதிலிருந்து கொடி காய்ந்ததும் காந்தள் தொட்டிகளைச் சுவரோரம் படுக்க வைத்துவிடுகிறேன். படுத்திருக்கும் தொட்டியில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனியில் ஒருநாள் படுத்த வாக்கிலேயே மண்ணைக் கிளப்பிக்கொண்டு பச்சை மூக்கு ஒன்று எட்டிப் பார்க்கும், அன்றைக்கு நிமிர்த்தி வைத்து முதல் தண்ணீர் விடுகிறேன்.