கிளிநொச்சியில் ஒரு சித்த மருந்தகம்: கஞ்சா என்று வாய்விட்டுச் சொல்லும் வைத்தியர்

மாமாவின் இடுப்பில் 2009இல் பாய்ந்த செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்தால் நரம்பு பாதிக்கும் என்று ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். மார்கழிக் குளிருக்கு அவருக்கு நித்திரையே இல்லை. அதனால்தான் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் இந்த மருந்தகத்துக்குக் கூட்டிப் போனேன்.

வைத்தியர் ஒரு பெண். நாடி பார்த்தார், கிளினிக் கொப்பியை வாசித்தார், போடுகிற குளிசைகளை எல்லாம் விசாரித்தார். அப்புறம், "நித்திரைக்கு ஒரு லேகியம் இருக்கு ஐயா. சுத்தி செய்த கஞ்சா கொஞ்சம் சேரும். விருப்பமோ?" என்று மாமாவிடமே கேட்டார். மாமா எழும்பிவிட்டார். "ஊர்ப் பெடியளைக் கெடுக்கிற சாமானை எனக்கோ தாறீங்கள்?"

அந்தக் கோபம் நியாயமானது. கடல் தாண்டி முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் இறங்கும் பொதி, பொலிஸ், வழக்கு, படிப்பை விட்ட பிள்ளை: வன்னியில் இந்தச் சொல் இவற்றோடுதான் காதில் விழுகிறது. மருந்து என்று யார் சொன்னாலும் முதலில் அந்தப் பிள்ளையின் முகம்தான் தெரியும்.

வைத்தியர் அவசரப்படவில்லை. 1929ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது, ஆனால் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவுபெற்ற வைத்தியர் மருந்துக்குப் பெற்றுக்கொள்ளலாம் என்று விளக்கினார். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த வலிப்பு மருந்து ஒன்றை அமெரிக்கா 2018இல் அனுமதித்ததையும் சொன்னார். வலி போய்விடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. மனநோய் உள்ளவர்களுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் தரமாட்டாராம்.

மாமாவை இளக்கியது சட்டமல்ல. அவருடைய பேரனார் (தாத்தா) ஒரு பரியாரியார், நாட்டு வைத்தியர். வயிற்றுப்போக்குக்கு அவர் உருட்டிய குளிகையிலும் இது இருந்தது மாமாவுக்கு நினைவு வந்தது. கையொப்பம் வைத்து வாங்கிக்கொண்டார். இப்போது விடியும்வரை படுக்கிறார். வலி இருக்கத்தான் செய்கிறது.

எனக்குப் பிடிக்காதது மருந்து கொடுக்கும் யன்னல். ஆளின் பெயரையும் மருந்தின் பெயரையும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள், வாங்கு நிறைய ஊராட்கள். ஆம்பிளைகள் சமாளிப்பார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணுக்கு அன்று பின்னேரமே கதை கட்டிவிடுவார்கள். அதற்குப் பயந்து வலியோடு வீட்டில் கிடப்பவர்களை எனக்குத் தெரியும். இலக்கம் சொல்லிக் கூப்பிட ஒரு செலவும் இல்லை. இதை வைத்தியரிடமும் சொன்னேன்.

போகிறவர்கள் கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்தச் சொல்லி இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.