வெப்ளியா, கான்பூர் மார்க் 3-ஆ, பிரபலா: இரண்டு இடத்துக்கு எந்த ரிவால்வர்?

ஒருவர் பெயரில் எத்தனை துப்பாக்கி இருக்கலாம் என்பதை 2019 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அப்போது என் லைசென்ஸில் மூன்று இருந்தன. தாத்தா வழியில் வந்த வெப்ளி ரிவால்வர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நானே வாங்கிய கான்பூர் ரிவால்வர், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை விரட்ட அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி. இரட்டைக்குழலை ஒப்படைத்தாகிவிட்டது. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டதால் அதில் பெரிய வருத்தம் இல்லை.

இப்போது 'பிரபல்' என்ற ரிவால்வர் வந்திருக்கிறது. அதை வாங்க வேண்டுமானால் இருக்கும் இரண்டில் ஒன்று போயாக வேண்டும். எது பிடித்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இதுவரை வந்ததில்லை. இரண்டும் பீரோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

கம்மவான்பேட்டை, கணியம்பாடி பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். ஓய்வுபெற்று வருகிறவர்களில் சிலர் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பார்கள், அப்புறம் எந்த ரிவால்வர் வாங்கலாம் என்று கேட்டு வருவார்கள். அவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒப்பிடப்போகும் எல்லாமே .32 ரகம், அதாவது தோட்டாவின் பருமன் அங்குலக் கணக்கில் சுமார் அவ்வளவு. 9 எம்எம், .38, .455 கைத்துப்பாக்கிகள் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது, அவை தடைசெய்யப்பட்ட ரகம். .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங் என்ற இந்தத் தோட்டா 1896-இல் வந்தது. வேகமும் விசையும் குறைவு. ஆனால் குறி தவறாது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டிகளில் இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் சுடுகிறார்கள். தோட்டா எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதால், ஒப்பிட வேண்டியது துப்பாக்கியின் வேலைப்பாட்டைத்தான்.

வெப்ளியிலிருந்து தொடங்குகிறேன். வெப்ளி அண்ட் ஸ்காட், மார்க் 4, பர்மிங்காமில் செய்தது. தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர். பிற்பாடு சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் வாங்கியது இது. அவருடைய லைசென்ஸ் புத்தகத்தில் 'வடாற்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. அந்த மாவட்டம் 1989-இல் இரண்டானது, மிஞ்சிய வேலூர் 2019-இல் மூன்றானது. ரிவால்வர் மட்டும் அதே பீரோவில் இருக்கிறது.

ரிவால்வரின் உடற்சட்டகத்தின் பக்கவாட்டில் சிறகு முளைத்த குண்டு ஒன்று முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரலால் இடப்பக்க நெம்புகோலை அழுத்தினால் பேரல் முன்பக்கமாக மடிந்து இறங்கும். அப்படி இறங்கும்போதே, தோட்டா போடும் சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு மேலெழும்பி ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒன்றாகத் தூக்கும். இன்னும் கொஞ்சம் மடித்தால் தோட்டாக்கள் கொட்டிவிடும், தகடு 'டக்'கென்று உள்ளே இறங்கிக்கொள்ளும். மூடும்போது கொக்கி மாட்டும் சத்தம் ஒன்றே ஒன்று, சுத்தமாகக் கேட்கும். மூடிய பிறகு பேரலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் துளி அசைவு இல்லை. இத்தனை வருடம் திறந்து மூடிய கீல் இது.

டிரிகரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவுக்குக் காரணமே அதுதான். குதிரையை, அதாவது பின்னாலிருந்து தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை, விரலால் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சுட்டால் எந்த ரிவால்வரிலும் டிரிகர் லேசாகத்தான் இருக்கும். இழுக்காமல், டிரிகரை மட்டும் ஒரே மூச்சில் அழுத்திச் சுடும்போதுதான் உள்ளே இருக்கும் வேலையின் தரம் தெரியும். வெப்ளியில் இந்த அழுத்தம் லேசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக வரும், நடுவில் தட்டாது. எந்த இடத்தில் வெடிக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். குறி பார்க்கப் பேரல் நுனியில் இருக்கும் முன்குறி ஆடாமல் நிற்கும்.

கான்பூர் மார்க் 3 இதே வெப்ளி வம்சம். ஸ்மால் ஆர்ம்ஸ் பேக்டரியில் செய்தது, அதே மடிப்பு, அதே நட்சத்திரத் தகடு, ஆறு தோட்டா, மூன்று அங்குல பேரல். படம் மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி என்பீர்கள். கையில் எடுத்தால் வித்தியாசம் புரியும். என்னிடம் இருப்பதில் நெம்புகோல் முரடு, மூடிய பிறகு பேரலில் லேசான ஆட்டம் இருக்கிறது. ஒரே மூச்சில் டிரிகரை அழுத்தினால் பாதி வழியில் ஒரு கனம் வந்து உட்காரும், அதைத் தாண்ட இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கிறோம், கொடுத்த நொடியில் முன்குறி கீழே இறங்கிவிடும். ரேஞ்சில் சுட்டுப் பழகியவர்களுக்கே இப்படி என்றால் புதிதாக வாங்குகிறவர் பாடு என்ன?

ஆனால் பேரலைக் குறை சொல்ல முடியாது. குதிரையை இழுத்து வைத்து நிதானமாகச் சுட்டால், 15 மீட்டரில் ஆறு ஓட்டையையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். வெப்ளியும் அதே அளவுதான் கொடுக்கிறது. அப்புறம், இது உள்நாட்டுத் தயாரிப்பு. பழுதானால் விசாரிக்க ஒரு இடம் இருக்கிறது. 1980-களில் இறக்குமதி நின்றுபோன பிறகு பழைய வெப்ளிக்கு ஒரு ஸ்பிரிங் உடைந்தால்கூடத் திண்டாட்டம்தான்.

நிர்பீக் என்ற ரிவால்வரைப் பற்றியும் கேட்பார்கள். 2014-இல் வந்தது, டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள என்று விளம்பரம் செய்தார்கள். விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். எடை குறைந்தால் உதைப்பு கூடும், அது இயற்கை. எனக்கு அதில் ஈடுபாடு வரவில்லை.

சரி, பிரபல். கான்பூரில் இருக்கும் ஏவெயில் என்ற அரசு நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திவந்த ஆர்டினன்ஸ் பேக்டரி போர்டை 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்களே, அதில் ஒன்று. இதன் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். மடிப்புத் துப்பாக்கியில் மேல்பக்கத்தை ஒரு கொக்கிதான் இறுக்கிப் பிடிக்கிறது. பிரபலில் உடற்சட்டகம் மேலே ஒரே துண்டாக ஓடுகிறது, அதனால் வருடக்கணக்கில் சுட்டாலும் தளர வாய்ப்பு குறைவு. 50 மீட்டர் வரை சுடலாம் என்று சொல்கிறார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டா அதே .32, பேரல் அதே மூன்று அங்குலம். அந்தத் தூரத்தில் பலன் சுடுகிறவர் கையில்தான் இருக்கிறது.

காட்பாடியில் நண்பர் ஒருவர் வாங்கியிருக்கிறார். தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பார்த்து உறுதிசெய்துகொண்டு கையில் வாங்கிப் பார்த்தேன். டிரிகர் என் மார்க் 3-ஐவிட நன்றாக இருக்கிறது, வெப்ளி அளவுக்கு இல்லை. வெற்றுத் தோட்டாவை வெளியேற்ற முன்னால் இருக்கும் கம்பியை உள்ளங்கையால் தள்ள வேண்டும். பழகினால் அது ஒரு விஷயமே இல்லை.

உறை விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே கதைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்தில் இருந்துகொண்டு தோல் உறைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. குரோம் முறையில் பதனிட்ட தோலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதில் தங்கும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் கேட்டு வாங்குங்கள். அதிலும் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை ஈரத்தைத் தோல் பிடித்து வைத்துக்கொள்ளும். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது உறையை வீட்டில் வைத்துவிட்டு, கன் ஆயிலில் நனைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுங்கள். ஒருமுறை வெப்ளி உறையோடு உள்ளே இருந்துவிட்டுத் திரும்பியபோது பேரலின் ஒரு பக்கம் பொட்டுப் பொட்டாகத் துரு. நல்லவேளை, நீலப்பூச்சுக்கு மேலோடு நின்றுவிட்டது.

எனக்குப் பிடித்தது வெப்ளி. தாத்தா வைத்திருந்தது என்ற பாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவருடையது என்று கொடுத்துச் சுடச் சொல்லியிருந்தாலும் அந்த டிரிகருக்காக அதைத்தான் எடுத்திருப்பேன். அதனிடம் இனி அதிகம் வேலை வாங்கக் கூடாது, வருடத்துக்குச் சில தடவை சுட்டால் போதும். ரேஞ்சில் தொடர்ந்து சுட உறுதியான ஒன்று வேண்டும், அதற்குப் பிரபல் பொருந்தும். மார்க் 3-ஐ வைத்துக்கொண்டால் ஒரே அமைப்பில் இரண்டு வைத்திருப்பதாக ஆகும், அதிலும் ஒன்று மற்றதைவிட மட்டம். அதனால் போக வேண்டியது மார்க் 3.

அக்கா மகனுக்குப் புதிதாக லைசென்ஸ் வந்திருக்கிறது. "மாமா, புதுசு வாங்குற காசு இப்ப இல்ல, அதையே குடுத்துடுங்க" என்கிறான். அவன் நிதானமாகச் சுடுகிறவன், குதிரையை இழுத்து வைத்துத்தான் சுடுவான், அவனுக்கு அது போதும். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் முடிந்த பிறகுதான் கைமாற்ற முடியும் என்பது சட்டம். கடிதத்தை இந்த வாரம் கொடுக்கிறேன். மார்க் 3 என் புத்தகத்திலிருந்து நீங்கிய பிறகுதான் பிரபலுக்குப் பணம் கட்டுவேன்.