மட்டக்களப்பில் டபிள் பேஸுக்கு எந்தத் தந்தி நின்று பிடிக்கும்?

டபிள் பேஸ் என்பது வயலின் வடிவில், நின்றபடி வாசிக்கும் பெரிய தாழ்சுருதி வாத்தியம். அதைப் புதிதாகப் பழகுபவருக்கு இங்கே பூட்ட வேண்டியது எஃகு உள்ளீடு (தந்தியின் நடுக்கம்பி) கொண்ட, நடுத்தர இழுவிசைத் தந்தி. பல மெல்லிய கம்பிகளைக் கயிறுபோல் முறுக்கிய உள்ளீடாக இருந்தால் இன்னும் நல்லது, வில்லுக்கும் விரலுக்கும் இணங்கி வரும். விலங்குக் குடலில் செய்த குடல் தந்தியின் நாதம் இனிமையானதுதான். ஆனால் அது காற்றின் ஈரத்தோடு கூடிக் குறையும்; மாரியில் காலையில் கூட்டிய சுருதி மத்தியானம் நிற்காது. காது பழகாத பிள்ளைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒப்ளிகாட்டோ, ஈவா பிராட்ஸி போன்ற செயற்கை இழைத் தந்திகள் ஈரத்தைத் தாங்கும். ஆனாலும் இழுபட்டு அடங்க நாளெடுக்கும், விலையும் கூட. முதல் தொகுதியாக அவை வேண்டாம்.

வாங்கும்போது முதலில் நீளம் பாருங்கள். வழக்கமான முக்கால் அளவு பேஸில் நட்டிலிருந்து (விரற்பலகையின் மேல்முனையில் தந்தி தங்கும் கட்டை) பிரிட்ஜ் வரை (மேற்பலகையில் தந்தியைத் தாங்கும் குதிரை) ஏறக்குறைய 104 முதல் 106 செ.மீ. வரும். பேஸ் கிட்டாருக்கு அது 86 செ.மீ. அளவுதான். கடையில் ‘பேஸ் தந்தி’ என்று மட்டும் கேட்டால் கிட்டார் தந்தியே கைக்கு வரும், அது எட்டாது.

அடுத்தது, உறையில் ‘ஓர்கெஸ்ட்ரா’ என்று இருக்கிறதா, ‘சோலோ’ என்று இருக்கிறதா என்பது. ஓர்கெஸ்ட்ரா தொகுதி ஈ, ஏ, டி, ஜி சுருதிக்கு உரியது. சோலோ தொகுதி ஒரு முழுச்சுரம் மேலே கூட்டுவதற்கு. சோலோ தந்தியைச் சாதாரண சுருதிக்கு இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, தந்தி தொளதொளத்து விரற்பலகையில் அடிக்கும். மறுபக்கமும் உண்டு. கர்நாடக இசைக்குப் பக்கத்தில் வாசிக்கும்போது பாடகரின் கட்டைக்கு ஏற்றவாறு தந்தியை ஏற்றும் எண்ணம் வரும். வயலினில் அது வழக்கம், பேஸில் செய்யவே கூடாது. இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிப்படி ஏறும். ஒரு முழுச்சுரம் ஏற்றினால் கிட்டத்தட்ட 26 வீதம் கூடும். ஒவ்வொரு தந்தியும் ஏற்கெனவே 25 முதல் 30 கிலோ வரை இழுக்கிறது. தந்தியை அப்படியே விட்டு, விரல் வைக்கும் இடத்தை மாற்றுங்கள்.

பெயர் சொல்லிச் சொன்னால், டிஅடாரியோவின் ஹெலிகோர் ஹைப்ரிட் நடுத்தரம் எங்கள் முதல் தெரிவு. வில்லிலும் பேசும், விரலாலும் பேசும். தேவாலயப் பாடகர் குழுவுக்கும் மெல்லிசைக்கும் ஒரே தொகுதி போதும். பணம் முட்டினால் அதே நிறுவனத்தின் பிரெலூட். நாதத்தில் ஆழம் குறைவு, பழக அது தடையில்லை. தோமஸ்டிக் ஸ்பைரோகோர் பல வருடம் உழைக்கும், விரலால் மீட்டினால் நெடுநேரம் ஒலி நிற்கும். வில்லுக்கு மட்டும் முரண்டு பிடிக்கும். வில் கைபடிந்தவருக்கு விடலாம்.

எந்தத் தந்தியானாலும் பிரிட்ஜ் உயரம் சரியில்லையென்றால் காசு வீண். விரற்பலகையின் நுனியில் அளந்தால் ஜி தந்திக்கு 5–6 மி.மீ., ஈ தந்திக்கு 8–9 மி.மீ. இடைவெளி தொடக்கநிலைக்குப் பொருந்தும். மலிவு வாத்தியங்கள் பல இதைவிட உயரமாகவே வருகின்றன. கை நோவதற்குத் தந்தியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, வாடைக்காற்றோடு மழை பிடித்தால் மேற்பலகை ஊதித் தந்தி உயரும். கச்சான் வீசும் மாதங்களில் பலகை காய்ந்து தாழும். பிரிட்ஜ் காலில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுச் சில்லு பூட்டுவது இந்த ஊருக்கு அவசியமான செலவு. ஒட்டுப்பலகைப் பேஸில் இந்த ஆட்டம் குறைவு, வெடிப்பும் அரிது.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு தந்தி மட்டும். நான்கையும் கழற்றினால் பிரிட்ஜ் விழும், உள்ளே மேற்பலகையைத் தாங்கி நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சியும் சரியும்; அதை மீண்டும் நிறுத்தத் தெரிந்த கை இங்கே அரிது. நட்டிலும் பிரிட்ஜிலும் உள்ள வெட்டுகளில் பென்சில் கரியைத் தேய்த்து விடுங்கள். முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்று போதும். சுருதி ஏற ஏறத் தந்தி பிரிட்ஜின் தலையை விரற்பலகைப் பக்கம் இழுக்கும். பிரிட்ஜின் வால்பக்க முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் சுருதியைச் சற்று இறக்கி, இரு கையாலும் மெதுவாக நிமிர்த்துங்கள். சாய்ந்தபடியே விட்டால் பிரிட்ஜ் நிரந்தரமாக வளைந்துவிடும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கரைகளில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து, விரல் படும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அம்பாறை நகர்ப் பக்கம் இது குறைவு. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் நான்கு தந்தியையும் துடையுங்கள். படிந்த ரோசினுக்கு (வில்லில் தேய்க்கும் பிசின்) ஸ்பிரிட் நனைத்த துணி போதும். பலகையில் ஒரு துளி விழுந்தாலும் வார்னிஷ் கரையும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். பொப்ஸ் போன்ற மென்மையான ரோசின் இந்த வெக்கையில் இளகி வழியும். கடினமான தரத்தையே வாங்குங்கள்.

தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் மேல்ஸ்தாயி ஹார்மோனிக்ஸும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒத்துவராமல் போனால் தந்தியின் காலம் முடிந்தது. ஜி தந்திதான் பெரும்பாலும் முதலில் போகும். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். கழற்றிய பழையதை உறையில் சுருட்டி வையுங்கள். புதியது அறுந்தால், கொழும்பிலிருந்து அடுத்தது வரும்வரை அதுதான் கைகொடுக்கும்.