சிறை மதிலுக்குப் பக்கத்தில் வைஃபை காலிங்: நீண்ட நாள் அனுபவம்

சென்னையில் ஒரு சிறையின் மதில் தெரிகிற தூரத்தில் எங்கள் வீடு. உள்ளே திருட்டுத்தனமாக செல்போன் பேசுவதைத் தடுக்க ஜாமர் ஓடுகிறது. அந்தத் தடை எங்கள் தெருவிலும் அடிக்கும். ஜாமர் கூடாது என்பது என் கட்சி இல்லை. கம்பிக்குப் பின்னால் இருந்துகொண்டே சாட்சியை மிரட்டவும் பணம் பறிக்கவும் ஒரு சின்ன போன் போதும். அதை அடைக்கத்தான் வேண்டும்.

ஜாமர் டவரை நிறுத்துவதில்லை. டவர் பேசும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது. அதனால்தான் எங்கள் போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும், நம்பரைப் போட்டால் போகாது. டவரைத் தேடித் தேடியே சாயங்காலத்துக்குள் பேட்டரியும் காலியாகிவிடும்.

2019 கடைசியில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங் கொண்டுவந்தன. கொஞ்ச நாளில் நாங்களும் அதற்கு மாறினோம். தனி ஆப் வேண்டாம், தனிக் கட்டணமும் இல்லை. செட்டிங்கில் ஆன் செய்தால் சாதாரண அழைப்பே டவருக்குப் பதில் வீட்டு வைஃபையில் ஏறி ஃபைபர் இன்டர்நெட் வழியாகப் போகும். வீட்டுக்குள் குரல் தெளிவாக இருக்கிறது. என் சிம்மில் ஓடிபி உடனே வருகிறது, அம்மாவின் சிம்மில் சில சமயம் வராது. வங்கி வேலை என்றால் அவர் பஸ் ஸ்டாப் வரை நடக்கிறார். எழுபதைத் தாண்டியவரை அப்படி நடக்க வைப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைப் போடுங்கள். ஜாமர் இரைச்சல் கொட்டும் 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசைக்கு ஒட்டிய அண்டைவீடு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. எங்கள் வீட்டில் இந்த 2.4இல்தான் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அப்புறம், மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால் எல்லாமே போய்விடும். டவர் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வாங்கி மாட்டச் சொல்வார்கள், வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம், அக்கம்பக்கத்தாருக்கும் சிக்னல் கெடும்.

வீட்டுக்குள் இவ்வளவும் சரி. வாசலைத் தாண்டினால் வைஃபை இல்லை. தெருமுனையில் ஒருவர் பைக்கில் இருந்து விழுந்தபோது 108க்குப் பேச, எங்கள் வீட்டுக் கூடத்துக்குத்தான் ஓடி வந்தார்கள். அந்தத் தெருவுக்கு அவசரமாக வேண்டியது ஒரு போன் அழைப்பு.

இதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் 2010இலேயே வேறு முறையை வைத்தார்கள். சிறை வளாகத்துக்கென்றே ஒரு சின்ன டவர் அமைப்பு, உள்ளிருந்து கிளம்பும் அழைப்புகளைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். அனுமதித்த எண்ணையும் அவசர அழைப்பையும் விட்டுவிட்டு மற்றதை மறித்துவிடும். இரைச்சல் கொட்டுவதில்லை. அதிலும் அலை மதிலைத் தாண்டாமல் ஆன்டெனாக்களை அளந்து வைக்க வேண்டும், செலவும் கூடுதல். ஆனாலும் எங்கள் தெருவில் நின்று 108ஐயும் 112ஐயும் கூப்பிட முடிய வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.