டெஸ்க்டாப் மென்பொருளுக்கு எந்த சி.ஐ.? கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப், ஜென்கின்ஸ், டீம்சிட்டி: ஓர் ஒப்பீடு

சி.ஐ. என்பது கோடு மாறும்போதெல்லாம் அதைத் தானாக மென்பொருளாக ஆக்கி (பில்ட்) டெஸ்ட் ஓட்டும் கருவி. வெப் சர்வர் புராஜெக்டுக்கு எந்த சி.ஐ.யை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஒரு லினக்ஸ் கன்டெய்னர் (தனித்து ஓடும் சிறு லினக்ஸ் சூழல்) கிடைத்தால் வேலை ஓடிவிடும். டெஸ்க்டாப் மென்பொருளுக்கு அது போதாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பில்ட் ஆக வேண்டும், விண்டோவைத் திறந்து பட்டனை அழுத்திப் பார்க்கும் டெஸ்ட் ஓட வேண்டும், வெளியே போகும் இன்ஸ்டாலர் சைன் (டிஜிட்டல் கையொப்பம்) ஆகியிருக்க வேண்டும். யாமல் (சி.ஐ.க்கான அமைப்பு ஃபைல்) எழுத எது சுலபம் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மேக் மெஷின் யாருடையது, சைனிங் சாவி எங்கே இருக்கிறது, டெஸ்ட் ஓடும்போது திரை இருக்கிறதா: முதலில் இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

மெஷின் வாங்க மனமில்லாதவர்களுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்தான் முதல் தேர்வு. மூன்று ஓ.எஸ்.ஸுக்கும் ரன்னர் (வேலையை ஓட்டும் மெஷின்) தயாராக இருக்கிறது; பப்ளிக் ரெப்போவுக்கு (யாரும் பார்க்கக்கூடிய கோடு களஞ்சியம்) சாதாரண ரன்னர்கள் இலவசம். பிரைவேட் ரெப்போவில்தான் கணக்குப் போட வேண்டும்: மேக் ரன்னரின் ஒரு நிமிடம் லினக்ஸைவிட ஏறத்தாழ பத்து மடங்கு விலை. புல் ரிக்வெஸ்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) லினக்ஸும் விண்டோஸும் மட்டும் ஓடட்டும், மெயின் பிராஞ்சில் (முதன்மைக் கோடில்) மெர்ஜ் ஆனபின் மேக் ஓடட்டும் என்று பிரித்தாலே பில் பெருமளவு இறங்கும்.

ரன்னரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘லேட்டஸ்ட்’ என்ற லேபிளை நம்ப வேண்டாம். நீங்கள் எதையும் மாற்றாமலே அது ஒருநாள் அடுத்த ஓ.எஸ். பதிப்புக்குத் தாவும், எக்ஸ்கோடும் (ஆப்பிளின் பில்ட் கருவி) கூடவே மாறும். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள். மேக் 14 முதல் சாதாரண ரன்னர்கள் பெரும்பாலும் ஆப்பிளின் ஆர்ம் சிப்பில் ஓடுகின்றன. இன்டெல் மேக் பயனர்கள் இருந்தால் இரண்டு கட்டமைப்புக்கும் சேர்த்து யுனிவர்சல் பைனரியாக பில்ட் செய்ய வேண்டும்.

இன்னொரு பொறி ஆர்டிஃபேக்ட் (பில்டில் விளையும் ஃபைல்) அப்லோடு. மேக் ‘ஆப்’ என்பது உண்மையில் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஃபிரேம்வொர்க்குகளுக்கு சிம்லிங்குகள் (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்புகள்) இருக்கும். அதை அப்படியே அப்லோடு செய்தால் எக்ஸிக்யூட் அனுமதி தொலைந்துபோகும், சிம்லிங்க் சிதைந்தால் சிக்னேச்சரும் செல்லாது. பில்ட் பச்சை காட்டும், டவுன்லோடு செய்தவருக்கு மட்டும் ஆப் திறக்காது. முதலில் ‘டிட்டோ’ கட்டளையால் ஜிப்பாக்கியோ டி.எம்.ஜி. (மேக் டிஸ்க் இமேஜ்) ஆக்கியோ அந்த ஒரே ஃபைலை அப்லோடு செய்வதே சரி.

கிட்லேப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடு ஏற்கனவே அங்கே இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், லினக்ஸ் பக்கம் அருமையாக இருக்கும். அவர்களுடைய மேக் ரன்னர் கட்டணத் திட்டங்களுக்குத்தான். மற்றவர்கள் சொந்த மேக்கில் ஷெல் எக்ஸிக்யூட்டரோடு (கட்டளைகளை நேரடியாக அந்த மெஷினிலேயே ஓட்டும் முறை) ரன்னர் நிறுவ வேண்டும். இதற்காகவே கிட்ஹப்பை விட்டு இங்கே வருவதில் அர்த்தமில்லை.

சொந்த மெஷின்கள் இருந்தால் ஜென்கின்ஸா டீம்சிட்டியா என்ற கேள்வி வரும். ஜென்கின்ஸ் முழுக்க இலவசம், எதையும் செய்ய வைக்கலாம். விலை பராமரிப்பில் இருக்கிறது. ஒரு பிளகின்னை அப்டேட் செய்தால் அதைச் சார்ந்த இன்னொன்று உடையும். டீம்சிட்டியின் இலவசப் பதிப்பில் 100 பில்ட் கான்ஃபிகரேஷன் (பில்ட் அமைப்பு), 3 ஏஜென்ட் (பில்டை ஓட்டும் மெஷின்): ஓ.எஸ்.ஸுக்கு ஒன்று என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி. டெஸ்ட் வரலாறும், ஒரே கமிட்டை (பதிவான கோடு மாற்றம்) மூன்று ஓ.எஸ்.ஸிலும் பில்ட் செய்யும் சங்கிலியும் பிளகின் தேடாமலே கிடைக்கும். சிறிய டெஸ்க்டாப் குழுவுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

ஜென்கின்ஸ், டீம்சிட்டி இரண்டிலும் விண்டோஸ் ஏஜென்டை சர்வீஸாக (பின்னணியில் ஓடும் நிரல்) நிறுவுவதுதான் வழக்கம், ஜி.யு.ஐ. (திரையில் பட்டனை அழுத்திப் பார்க்கும்) டெஸ்ட் சாகும் இடமும் அதுவே. விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் செஷன் 0-இல் ஓடுகின்றன. அங்கே பயனர் டெஸ்க்டாப் கிடையாது. விண்டோ திறந்ததாகத் தோன்றும், ஆனால் கிளிக் போய்ச் சேராது, ஸ்கிரீன்ஷாட் கறுப்பாக வரும். ஆட்டோ லாகின் போட்டு, ஏஜென்டை அந்தப் பயனரின் ஸ்டார்ட்அப்பிலிருந்து ஓட்டுங்கள். ஸ்கிரீன் லாக்கை அணைத்துவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடினாலும் செஷன் திரையை இழக்கும். ‘டிஎஸ்கான்’ கட்டளையால் செஷனை கன்சோலுக்குத் திருப்பிவிட்டே வெளியேற வேண்டும். லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை: எக்ஸ்விஎஃப்பி என்ற மெய்நிகர் திரை போதும், திரை அளவையும் 24 பிட் நிற ஆழத்தையும் நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.

ஜென்கின்ஸின் வொர்க்ஸ்பேஸ் (பில்ட் நடக்கும் ஃபோல்டர்) பாதை நீளமாக வளரும். விண்டோஸின் 260 எழுத்து வரம்பைத் தாண்டினால் கம்பைலர் ‘ஃபைல் இல்லை’ என்று சம்பந்தமில்லாத பிழையைக் கொட்டும். டிரைவின் வேரிலேயே ஓரெழுத்து ஃபோல்டர் வைத்தால் தீர்ந்தது.

சைனிங்கில்தான் பலருடைய திட்டம் புரள்கிறது. 2023 ஜூன் 1 முதல் புதிய விண்டோஸ் கோட் சைனிங் சான்றிதழ்களின் சாவி, தகுதிபெற்ற ஹார்டுவேரில்தான் இருக்க வேண்டும். சாவியும் சான்றிதழும் அடங்கிய பி.எஃப்.எக்ஸ். ஃபைலை சீக்ரெட்டில் (சி.ஐ.யின் ரகசியச் சேமிப்பு) போட்டுவைத்த காலம் போய்விட்டது. யு.எஸ்.பி. டோக்கன் என்றால் அது செருகிய சொந்த மெஷின் ஒன்று வேண்டும். கிளவுட் சைனிங் சேவை என்றால் கிட்ஹப் ரன்னரிலிருந்தே சைன் செய்யலாம். எதுவானாலும் டைம்ஸ்டாம்ப் (சைன் செய்த நேரத்தின் முத்திரை) விட்டுப்போகக் கூடாது, இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய இன்ஸ்டாலர்களும் செல்லாமல் போகும்.

மேக்கில் சாவியை ஃபைலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தற்காலிக கீசெயின் (மேக்கின் சாவிப் பெட்டகம்) உருவாக்கி, சாவியை இம்போர்ட் செய்தபின் பார்ட்டிஷன் லிஸ்டையும் (சாவியைக் கேட்காமல் பயன்படுத்தக்கூடிய கருவிகளின் பட்டியல்) அமைக்க வேண்டும். விட்டுவிட்டால் யாரும் பார்க்காத திரையில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி திறந்துகொள்ளும். டைம்அவுட் வரை ஜாப் அப்படியே நிற்கும்.

ஓபன் சோர்ஸ் புராஜெக்டில் பில்டுகளை கிட்ஹப் ரன்னரிலும், சைனிங்கை மட்டும் டோக்கன் செருகிய சொந்த மெஷினிலும் வைப்பது நல்ல பாதிவழி. அந்த மெஷினை பப்ளிக் ரெப்போவோடு இணைக்கவே கூடாது: ஃபோர்க்கிலிருந்து (வேறொருவர் எடுத்த நகல்) வரும் புல் ரிக்வெஸ்ட் அதில் எந்தக் கட்டளையையும் ஓட்டிவிட முடியும். தனி பிரைவேட் ரெப்போ ஒன்றில் பதிவு செய்து, ரிலீஸ் டேக் (வெளியீட்டுக் குறி) விழும்போது மட்டும் அது போய் ஆர்டிஃபேக்டை எடுத்து சைன் செய்யட்டும். கிட்ஹப்பில் ஆர்டிஃபேக்ட் 90 நாளில் தானாக அழியும் என்பதால், விண்டோஸ் கிராஷ் ரிப்போர்ட் படிக்கத் தேவையான பி.டி.பி. (டீபக் தகவல்) ஃபைல்களையும் அதே ஜாபிலேயே வேறு சேமிப்பகத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.