ஸ்பிரிங்ளரா, வாட்டர் மிஸ்டா: எந்தத் தீக்கு எந்தத் துளி?

1990 ஏப்ரலில் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் போன ‘ஸ்காண்டினேவியன் ஸ்டார்’ கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். அதன்பிறகு பயணிகள் கப்பல்களுக்கான தீத்தடுப்பு விதிகள் இறுகின. ஆனால் கூரையிலிருந்து தண்ணீர் தெளித்துத் தீயை அணைக்கும் ஸ்பிரிங்ளருக்கு வேண்டிய தடித்த குழாய்களும் தண்ணீரும் கப்பலுக்குப் பெரிய பாரம். மேல்தளங்களில் எடை கூடினால் கப்பலின் சமநிலையே கெடும். தண்ணீரை மூடுபனிபோல நுண்துளிகளாகத் தெளிக்கும் வாட்டர் மிஸ்ட் வேகமாக வளர்ந்தது இந்த நெருக்கடியில்தான்.

இரண்டிலும் ஊற்றுவது தண்ணீர்தான், துளியின் அளவுதான் வேறு. ஸ்பிரிங்ளரின் பெரிய துளிகள் அனலை ஊடுருவிக் கீழே விழுந்து, எரியும் பொருளையும் பக்கத்தில் இருப்பதையும் நனைக்கின்றன. சிவப்புக் கண்ணாடிக் குமிழ் வைத்த தலை (தண்ணீர் தெளிக்கும் முனை) 68 டிகிரி செல்சியஸில் வெடித்துத் திறக்கும், அதுவும் சூடு பட்ட தலை மட்டும். சினிமாவில் காட்டுவதுபோலக் கட்டடம் முழுக்கக் கொட்டாது. சாதாரணத் தலை ஒன்று அரை பார் அழுத்தத்திலேயே நிமிடத்துக்குச் சுமார் 57 லிட்டர் விடும்.

மிஸ்ட் வேலை செய்யும் விதமே வேறு. 1 மில்லிமீட்டர் துளி ஒன்றை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் ஆயிரம் துளிகள் வரும், மேற்பரப்பு பத்து மடங்காகும். அதனால் தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆவி சுமார் 1,700 மடங்கு விரிந்து, தீயைச் சுற்றியுள்ள ஆக்சிஜனையும் தள்ளுகிறது. எண்ணெய் எரியும் இன்ஜின் அறைக்கு இது அருமையான ஆயுதம். தண்ணீரும் குறைவு, நனைந்து கெடுவதும் குறைவு. 2019 தீக்குப் பிறகு பாரிஸின் நோத்ருதாம் தேவாலயக் கூரைக்கும் மிஸ்ட் வைத்தார்கள்.

சரி, எல்லா இடத்துக்கும் மிஸ்டையே வைத்துவிடலாமா? கூடாது. அறை திறந்திருந்தால் காற்று மூட்டத்தைக் கலைத்துவிடும். தீ சிறியதாக இருந்தால் போதிய ஆவியும் உண்டாகாது. உயரமாக அடுக்கிய பஞ்சு, துணி, அட்டைப் பெட்டிக் கிடங்கு என்றால் நான் ஸ்பிரிங்ளர் பக்கம்தான்.

விலைப் பட்டியலில் தெரியாத வித்தியாசம் இன்னொன்று. ஸ்பிரிங்ளருக்குப் பொதுவான கணக்கு முறை உண்டு. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணையே சொல்லும். மிஸ்டில் ஒவ்வொரு நிறுவனத்தின் நாஸிலும் (நுண்துளி பீய்ச்சும் முனை), குறிப்பிட்ட வகை இடத்தில், குறிப்பிட்ட கூரை உயரம்வரை தீ வைத்துச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நாஸிலை மாற்றினால் அந்தச் சோதனை செல்லாது. துளை நுண்ணியது என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயும் வடிகட்டியும் அவசியம். ‘தண்ணீர் மிச்சம்’ என்று மட்டும் சொல்லி விற்க வருபவரிடம் முதலில் அந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதிலுள்ள கூரை உயரம் உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தாவிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.