அமுக்கராவா, நீர்ப்பிரம்மியா: எலிகளிடம் எது எடுபட்டது?

மன அழுத்தத்துக்கு அமுக்கராக் கிழங்கு (அஸ்வகந்தா) நல்லதா, நீர்ப்பிரம்மி மூலிகை நல்லதா? எலிகளில் செய்த சோதனைகளை வைத்துச் சொன்னால், என் ஓட்டு அமுக்கராவுக்கு.

இரண்டைப் பற்றியும் 2003இல் முக்கியமான ஆய்வுகள் வந்தன. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்தது நீர்ப்பிரம்மிச் சாரத்தை. எலியை அசையவிடாமல் 150 நிமிடம் அடக்கிவைத்தார்கள். சிலவற்றை ஒரே முறை, சிலவற்றைத் தொடர்ந்து 7 நாள். அப்படி வைத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி எடை கூடும். கிலோ எடைக்கு 40 அல்லது 80 மில்லிகிராம் சாரம் முன்கூட்டியே கொடுத்தபோது இந்தப் பாதிப்புகள் குறைந்தன.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டாச்சார்யாவும் முருகானந்தமும் அமுக்கராவைச் சோதித்த விதம் கடுமையானது. பாதத்தில் லேசான மின் அதிர்ச்சி, தினம் ஒரு முறை, 21 நாள். எப்போது வரும் என்று எலிக்குத் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். தினமும் ஒரே மாதிரி அடக்கிவைத்தால் எலிக்கே அது பழகி, மன அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டீரோனின் சுரப்பு மெல்ல இறங்கிவிடும். எதிர்பாராமல் வருவது அவ்வளவு சுலபமாகப் பழகாது. நம் கவலைகளும் சொல்லிவிட்டு வருவதில்லையே! அந்த எலிகளுக்குச் சர்க்கரை ஏறியது, வயிறு புண்ணானது, ஞாபகம் மங்கியது, நோய் எதிர்ப்பும் சரிந்தது. அதிர்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு கிலோ எடைக்கு 25 அல்லது 50 மில்லிகிராம் அமுக்கராச் சாரம் குடித்தவற்றில் இவை எல்லாமே தணிந்தன.

சரி, இரண்டு இடத்திலும் ஜின்செங் என்ற மூலிகை வேரை அளவுகோலாக வைத்தார்களே, அதைக் கொண்டு ஒப்பிடலாமா? முடியாது. காசியில் ஆசிய ஜின்செங், லக்னோவில் அமெரிக்க ஜின்செங்.

அப்புறம், எலிக்கு 50 மில்லிகிராம் என்றால் 60 கிலோ மனிதருக்கு 3,000 என்று பெருக்கிவிடக் கூடாது. உடல் பரப்பை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 480தான் வரும். அந்த அளவு நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை எலி சொல்லாது. அமுக்கரா மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நீர்ப்பிரம்மிதான் மேல். அதில் பெரும்பாலும் வரும் தொல்லை குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான்.